சியாமளா கோபாலனும் அமெரிக்க லிபரல்களும்

"லிபரல்" என்ற சொல்லுக்கு ஊருக்கு ஊர் அர்த்தம் மாறும். பி.காம். முதலாண்டுப் பொருளாதாரப் பாடத்தில் வரும் லிபரல், ஆடம் ஸ்மித் வழி வந்தவர். அரசு சந்தையில் கை வைக்காமல் ஒதுங்கி நின்றால் போதும் என்பார். அமெரிக்காவில் லிபரல் என்றால் கிட்டத்தட்ட நேர் எதிர். 1930களின் பெருமந்தத்தில் ஜனாதிபதி ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட் வேலை, ஓய்வூதியம், வங்கிப் பாதுகாப்பு என்று அரசை எல்லாவற்றிலும் உள்ளே கொண்டு வந்தார். அதிலிருந்து, அரசு தலையிட்டு இல்லாதவருக்கும் சிறுபான்மையினருக்கும் வழி செய்ய வேண்டும் என்பவரே அங்கே லிபரல். அதெல்லாம் வேண்டாம், வரியைக் குறை, மாநிலத்தையும் குடும்பத்தையும் தேவாலயத்தையும் அதனதன் போக்கில் விடு என்பவர் கன்சர்வேடிவ். தமிழ்ப் பத்திரிகைகள் இவரைப் "பழமைவாதி" என்று எழுதுகின்றன. அது பாதி அர்த்தம்தான்.

இந்தச் சண்டையைப் புரிந்துகொள்ள அமெரிக்கா வரை போகத் தேவையில்லை. கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வழியாகக் கல்வராயன் மலை ஏறினால் போதும். பழைய தென்னாற்காடு மாவட்டத்தைச் சேர்ந்த மலைப்பகுதி சடையக் கவுண்டன், குரும்பக் கவுண்டன், அரியக் கவுண்டன் என்று மூன்று ஜாகிர்களாக இருந்தது. மலையாளி பழங்குடியினர் (கேரளத்து மலையாளிகள் அல்ல, மலைவாழ் மக்கள் என்ற பொருளில் வந்த பெயர்) ஜாகிர்தாருக்குக் கட்டுப்பட்டு வாழ்ந்தார்கள். வெள்ளைக்காரன் போய் 29 வருடம் கழித்து, 1976 ஜூன் 25 அன்றுதான் மலை அரசின் கைக்கு வந்தது. அப்போது நாடு முழுவதும் நெருக்கடி நிலை. கீழே எல்லோருடைய உரிமைகளும் முடக்கப்பட்டிருந்த நேரத்தில்தான் மேலே அரசாங்கம் ஏறியது என்பது விநோதம். 2024 ஜூனில் கருணாபுரம் விஷச்சாராய மரணங்களுக்குப் பிறகு, மலை மக்களின் நிலை குறித்துச் சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கு எடுத்தது. அந்த மக்களுக்கு வாக்குரிமை கிடைத்ததே 1996இல்தான் என்று அங்கே எடுத்துச் சொல்லப்பட்டது.

ஆக, அரசு ஒதுங்கி நின்றால் எல்லாம் தானாகச் சரியாகும் என்று வெள்ளிமலையில் போய்ச் சொன்னால் சிரிப்பார்கள். அரசு ஒதுங்கி நின்ற இடத்தில் ஜாகிர்தார் உட்கார்ந்திருந்தார்.

அமெரிக்காவின் தென் மாநிலங்களிலும் கதை இதுதான். கறுப்பின ஆண்களுக்கு 1870லேயே அரசியல் சட்டத் திருத்தம் வாக்குரிமை கொடுத்துவிட்டது. ஆனால் எழுத்தறிவுத் தேர்வு, தலைவரி, அடியாள் மிரட்டல் என்று ஒவ்வொன்றாக வைத்து 1965 வாக்குரிமைச் சட்டம் வரும் வரை பெரும்பாலானவர்களை வாக்குச்சாவடிப் பக்கமே விடவில்லை. இதில் மத்திய அரசு தலையிடக்கூடாது என்பதற்குத் தென்னாட்டு வெள்ளைத் தலைவர்கள் சொன்ன காரணம் "மாநில உரிமை". மாநில உரிமை என்றால் தமிழ்நாட்டில் அண்ணா ஞாபகத்துக்கு வருவார். அலபாமாவில் ஜார்ஜ் வாலஸ். ஒரே சொல்தான், ஆளைப் பொறுத்து அர்த்தம். வாலஸ் ஜனநாயகக் கட்சிக்காரர் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அந்தக் காலத்தில் தென்னாட்டு ஜனநாயகக் கட்சியினர்தான் கடைந்தெடுத்த கன்சர்வேடிவ்கள். கட்சிகள் இடம் மாறிக்கொண்டது பிற்பாடு.

இந்த அமெரிக்காவில்தான் 1958இல் ஒரு தமிழ்ப் பெண் போய் இறங்கினார்.

பெயர் சியாமளா கோபாலன், வயது 19. தந்தை பி.வி. கோபாலன் மத்திய அரசு அதிகாரி, பூர்வீகம் மன்னார்குடி பக்கம் துளசேந்திரபுரம். டெல்லி லேடி இர்வின் கல்லூரியில் மனையியல் முடித்த கையோடு, கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் மேற்படிப்புக்கு விண்ணப்பித்து இடம் வாங்கிவிட்டார். 1958இல், பிராமணக் குடும்பத்தில், கல்யாணமாகாத மூத்த பெண்ணைத் தனியாக அமெரிக்காவுக்கு அனுப்பிய கோபாலனின் தைரியத்தையும் இங்கே குறிப்பிட வேண்டும்.

அப்போது அமெரிக்கக் கதவு இந்தியர்களுக்கு எவ்வளவு திறந்திருந்தது? 1917 சட்டம் இந்தியா உட்பட ஆசியாவின் பெரும்பகுதியையே தடை செய்யப்பட்ட வலயமாக்கியது. 1923இல் பகத் சிங் திந்த் என்ற பஞ்சாபியர், முதல் உலகப் போரில் அமெரிக்க ராணுவத்தில் பணியாற்றியவர், குடியுரிமை கேட்டு உச்ச நீதிமன்றம் வரை போனார். தான் ஆரிய இனம், உயர்ந்த சாதி, எனவே "வெள்ளையர்" என்பது அவர் தரப்பு வாதங்களில் ஒன்று. சாதாரண மனிதன் கண்ணுக்கு நீ வெள்ளையன் இல்லை என்று நீதிமன்றம் ஒரே போடாகப் போட்டது. (கடல் தாண்டியும் சாதிச் சான்றிதழ் செல்லும் என்று நம்பிய முதல் ஆள் இவராக இருக்காது, கடைசி ஆளும் இல்லை என்பதைக் கீழே பார்க்கலாம்.) 1946இல் லூஸ்-செல்லர் சட்டம் வந்து கதவைக் கொஞ்சம் திறந்தது. வருடத்துக்கு 100 இந்தியர்! தீபாவளிக்கு முந்தின நாள் கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் ஒரே சேலம் பஸ்ஸில் அத்தனை பேர் ஏறிவிடுவார்கள். படிக்க வரும் மாணவர்கள் இந்தக் கணக்கில் சேர்த்தி இல்லை. சியாமளா வந்தது அந்த வழியில்.

சத்துணவியலும் நாளமில்லாச் சுரப்பியியலும் படித்து 1964இல் டாக்டர் பட்டம் பெற்றார். பிற்பாடு மார்பகப் புற்றுநோய் ஆராய்ச்சியில் பெயர் வாங்கினார். ஆனால் இந்தக் கட்டுரைக்கு முக்கியம் அவர் ஆய்வகத்துக்கு வெளியே யாரோடு பழகினார் என்பதுதான். வெளிநாடு போகும் நம்மவர்கள் வழக்கமாகச் செய்வது நம்மவர்களைத் தேடுவது. வாரக் கடைசியில் சாம்பார், கர்நாடக சங்கீதம், அப்புறம் ஊர்க்கதை. சியாமளாவுக்கும் சங்கீதம் உண்டு, நன்றாகப் பாடுவார். ஆனால் அவர் தேடிப் போனது பெர்க்லியில் கறுப்பின மாணவர்கள் நடத்திவந்த ஆஃப்ரோ-அமெரிக்கன் அசோசியேஷன் என்ற வாசிப்பு வட்டத்தை. இவர்கள் ஆப்பிரிக்க வரலாறு, காலனி ஆதிக்கம், விடுதலை என்று படித்து விவாதித்தார்கள். அந்த வட்டாரத்தில் 1962இல் அறிமுகமானவர்தான் ஜமைக்காவிலிருந்து பொருளாதாரம் படிக்க வந்த டொனால்ட் ஹாரிஸ். 1963இல் திருமணம். ஜாதகமும் இல்லை, கோத்திரமும் இல்லை.

அதற்கடுத்த வருடத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். இன்றைய அமெரிக்க லிபரல்-கன்சர்வேடிவ் சண்டையின் பாதி 1964இல், அதிலும் அந்த பெர்க்லியைச் சுற்றியே தொடங்கியது.

1964 ஜூலை 2 அன்று ஜனாதிபதி லிண்டன் ஜான்சன் குடியுரிமைகள் சட்டத்தில் கையெழுத்திட்டார். ஓட்டல், தியேட்டர், வேலை என எதிலும் நிறம் பார்த்து ஒதுக்கக்கூடாது. குடியரசுக் கட்சியின் ஜனாதிபதி வேட்பாளர் பேரி கோல்ட்வாட்டர் செனட்டில் அதை எதிர்த்து வாக்களித்தார். கோல்ட்வாட்டர் நிறவெறியர் அல்ல என்பார்கள். இருக்கலாம். தனியார் கடைக்காரர் யாருக்கு விற்க வேண்டும் என்று அரசு சொல்லக்கூடாது என்பதே அவர் கொள்கை. ஆனால் நவம்பர் 3 தேர்தலில் அவர் வென்ற ஆறு மாநிலங்களில், சொந்த மாநிலம் அரிசோனாவைத் தவிர மற்ற ஐந்தும் கறுப்பின மக்களுக்கு வாக்கில்லாத தென்கோடி மாநிலங்கள். கொள்கை எங்கே போய்ச் சேர்ந்தது என்பதற்கு இதைவிடக் கணக்கு வேண்டாம்.

தெற்கில் மட்டும்தான் இந்த நோய் என்றும் நினைக்க வேண்டாம். அதே நவம்பர் 3 அன்று லிபரல் மாநிலம் என்று பெயரெடுத்த கலிபோர்னியாவில் ஒரு மக்கள் வாக்கெடுப்பும் நடந்தது. வீடு விற்கும்போதும் வாடகைக்கு விடும்போதும் இனம் பார்க்கக்கூடாது என்று 1963இல் வந்த சட்டத்தை ரத்து செய்யலாமா என்பது கேள்வி. சுமார் 65 சதவீதம் பேர் "செய்யலாம்" என்று குத்தினார்கள். (1967இல் உச்ச நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது.) ஜனாதிபதியாக ஜான்சனும் வேண்டும், பக்கத்து வீட்டில் கறுப்பர் குடி வரவும் கூடாது! சென்னையில் வீடு பார்க்கப் போய் "நீங்க என்ன ஆளுங்க?" என்ற கேள்வியைக் கேட்டவர்களுக்கு இந்த மனசு நன்றாகவே விளங்கும்.

அந்த வாக்கெடுப்புக்கு இரண்டு வாரம் முன்பு, அக்டோபர் 20 அன்று, பக்கத்து ஊரான ஓக்லாந்தில் சியாமளாவுக்கு முதல் மகள் பிறந்தாள். அவள்தான் கமலா. அதே மாதம் 1ஆம் தேதி பெர்க்லி வளாகத்தில் போலீஸ் காரை மாணவர்கள் சூழ்ந்துகொள்ள, பேச்சுரிமை இயக்கம் வெடித்திருந்தது. சினிமா நடிகர் ரொனால்ட் ரீகன் 1966இல் கலிபோர்னியா ஆளுநர் தேர்தலில் நின்றபோது, பெர்க்லியில் நடக்கும் கூத்துக்கு முடிவு கட்டுவேன் என்பது அவர் முக்கிய வாக்குறுதிகளில் ஒன்று. வென்றார். அதிலிருந்து ஏறிய ஏணிதான் 1980இல் அவரை ஜனாதிபதி ஆக்கியது. (நடிகர் ஆட்சிக்கு வருவதில் தமிழ்நாடு ரீகனைவிடப் பத்து வருடம்தான் பின்தங்கியது.) சியாமளா படித்த இடத்தைக் காட்டித்தான் அமெரிக்கக் கன்சர்வேடிவ்கள் ஓட்டு கேட்டார்கள். அவர் லிபரல் ஆனதில் ஆச்சரியம் இல்லை. வேறு எதுவும் ஆவதற்கு அங்கே அவருக்கு வழியே இல்லை.

சியாமளா 1970களின் தொடக்கத்தில் விவாகரத்துப் பெற்றார். இரண்டு பெண்களையும் கறுப்பினப் பெண்களாகவே வளர்த்தார். இந்தியத் தாய்க்குப் பிறந்தாலும் அமெரிக்கா அவர்களை அப்படித்தான் பார்க்கும் என்பது அவருக்குத் தெரியும். பெர்க்லியில் பள்ளிகளை ஒருங்கிணைக்கக் கறுப்பினப் பிள்ளைகளையும் வெள்ளைப் பிள்ளைகளையும் பஸ்ஸில் மாற்றி அனுப்பும் திட்டம் 1968இல் தொடங்கியது. சிறுமி கமலா அந்த பஸ்ஸில் போனவள்.

அடுத்து 1965. இந்த வருடத்துச் சட்டம் இல்லாவிட்டால் இன்று அமெரிக்காவில் தமிழ்ச் சங்கங்கள் இல்லை, நியூஜெர்சியில் சரவண பவன் இல்லை. நாடு வாரியாகக் கோட்டா வைத்து ஐரோப்பியருக்கே இடம் கொடுத்த முறையை ஹார்ட்-செல்லர் சட்டம் எடுத்துவிட்டது. அக்டோபர் 3 அன்று சுதந்திர தேவி சிலையின் அடியில் வைத்து ஜான்சன் கையெழுத்திட்டார். இது ஒன்றும் புரட்சிகரமான மசோதா இல்லை என்றும் சொல்லிக்கொண்டார்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. மூல மசோதாவில் திறமைக்கு முதலிடம். மைக்கேல் ஃபெய்கன் என்ற ஓஹாயோ உறுப்பினர், ஜனநாயகக் கட்சியிலேயே கன்சர்வேடிவ், குடியேற்றத் துணைக்குழுவின் தலைவர், அதை மாற்றிக் குடும்ப உறவுக்கு முதலிடம் கொடுக்க வைத்தார். கணக்கு சுலபம். அன்றைய அமெரிக்கர்களில் பெரும்பாலோர் ஐரோப்பிய வம்சாவளி. உறவினரைக் கூப்பிடச் சொன்னால் ஐரோப்பியர்தானே வருவார்கள்? வரவில்லை. ஐரோப்பாவில் அப்போது நல்ல பிழைப்பு இருந்தது. திறமை ஒதுக்கீட்டில் வந்த இந்திய டாக்டரும் இன்ஜினியரும் மனைவி, தம்பி, அக்கா குடும்பம் என்று வரிசையாகக் கூப்பிட்டார்கள். அமெரிக்காவை வெள்ளையாகவே வைத்திருக்க எழுதிய விதி அமெரிக்காவின் நிறத்தை மாற்றியது.

இந்த லிபரல் சட்டத்தால் உள்ளே போனவர்கள் யார் என்பதைப் பார்க்க வேண்டும். அந்தக் காலத்தில் தமிழ்நாட்டில் டாக்டர், இன்ஜினியர் பட்டம் யாரிடம் இருந்தது என்று கேட்டால் பதில் தெரிந்துவிடும். முன்னேறிய சாதிகள், அதிலும் பிராமணர்கள் பெருவாரி. இங்கே இடஒதுக்கீடு வந்து எங்கள் வழி அடைந்துவிட்டது, அதனால் கிளம்பினோம் என்பது அவர்களில் பலர் சொல்லும் காரணம். அங்கே போனதும் அவர்களே சிறுபான்மை ஆனார்கள். ஜனநாயகக் கட்சிக்கு ஓட்டுப் போட்டார்கள். கார்னகி அமைப்பு எடுத்த கணிப்பில் 2020இல் இந்திய அமெரிக்க வாக்காளர்களில் 72 சதவீதம் பேர் பைடன் பக்கம், 22 சதவீதம் டிரம்ப் பக்கம். 2024இல் கமலா ஹாரிஸ் பக்கம் சுமார் 60ஆகக் குறைந்தது, ஆனாலும் பெரும்பான்மை. அதே அமைப்பு 2021இல் சொன்ன இன்னொரு விஷயம்தான் கவனிக்கத் தக்கது. சிறுபான்மையினர் உரிமை, குடியேற்றம், இடஒதுக்கீடு போன்ற கேள்விகளில் இவர்கள் அமெரிக்கா என்றால் லிபரலாகவும், இந்தியா என்றால் அதைவிடக் கன்சர்வேடிவாகவும் பதில் சொல்கிறார்கள்.

இதைப் போலித்தனம் என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிட முடியாது. எந்த ஊரில் எந்தப் பக்கத்தில் நிற்கிறோமோ அந்தப் பக்கத்துக்கு ஏற்ற கொள்கை வாய்க்கிறது, அவ்வளவுதான். கலிபோர்னியா 1996இல் வாக்கெடுப்பு நடத்தி அரசுக் கல்லூரிகளிலும் அரசு வேலையிலும் இன அடிப்படைச் சலுகையை நிறுத்தியது. கல்வராயன் மலைக்காரர்களுக்கு ஓட்டு வந்ததாகச் சொல்லப்படும் அதே வருடம். 2023 ஜூன் 29 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் நாடு முழுவதும் கல்லூரிச் சேர்க்கையில் அதை நிறுத்திவிட்டது. தமிழ்நாட்டின் 69 சதவீதத்தில் பழங்குடியினருக்கு உள்ளது 1 சதவீதம். மலையிலிருந்து ஒரு பையன் கல்லூரிக்கு இறங்கி வருவது அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான். அங்கே கறுப்பினப் பிள்ளைக்கு இடம் கொடு என்று கையெழுத்துப் போடும் தமிழ் லிபரலிடம் இந்த ஒரு சதவீதத்தைப் பற்றி யாராவது கேட்டால் நன்றாயிருக்கும்.

கன்சர்வேடிவ் பக்கம் போனவர்களும் இல்லாமல் இல்லை. மும்பையில் பிறந்த தினேஷ் டிசூசா, சின்சினாட்டியில் தமிழ் பேசும் பாலக்காட்டுக் குடும்பத்தில் பிறந்த விவேக் ராமசாமி. சென்னையில் பிறந்து காட்டாங்குளத்தூரில் இன்ஜினியரிங் படித்த ஸ்ரீராம் கிருஷ்ணனை 2024 டிசம்பரில் டிரம்ப் செயற்கை நுண்ணறிவுக் கொள்கை ஆலோசகராக அறிவித்தார். உடனே டிரம்ப் ஆதரவாளர்களில் ஒரு கூட்டம் இந்தியன் எதற்கு என்று கிளம்பியது. 2025 செப்டம்பரில் புதிய எச்-1பி விண்ணப்பங்களுக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் என்று உத்தரவே வந்தது. திந்துக்கு 1923இல் கிடைத்த பதிலின் மறுபதிப்பு.

இரண்டு ஊரிலும் ஒரே கொள்கையைப் பிடித்தவர்கள் கதை வேறு மாதிரி. பிரமிளா ஜெயபால் 1965இல் சென்னையில் ஒரு மலையாளக் குடும்பத்தில் பிறந்தவர் (இது கேரளத்து மலையாளம்). 16 வயதில் அமெரிக்கா போனார். 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு முஸ்லிம்களும் சீக்கியர்களும் அடிபட்டபோது சியாட்டிலில் அவர்களுக்காக ஓர் அமைப்பு தொடங்கினார். 2016இல் அமெரிக்கப் பிரதிநிதிகள் சபைக்குத் தேர்வானார். இந்திய வம்சாவளிப் பெண்களில் அவர்தான் முதல். 2019 டிசம்பரில் காஷ்மீர் கட்டுப்பாடுகளை நீக்கச் சொல்லி அங்கே தீர்மானம் கொண்டு வந்தார். வாஷிங்டன் போயிருந்த வெளியுறவு அமைச்சர் ஜெய்சங்கர், அவர் இருக்கும் குழுவைச் சந்திக்க மாட்டேன் என்று சந்திப்பையே ரத்து செய்தார். அமெரிக்காவில் பேசினால் பெருமை, இந்தியாவைப் பற்றிப் பேசினால் துரோகம்.

இன்னொருவர் க்ஷமா சாவந்த். 1973இல் புனேயில் தமிழ் பிராமணக் குடும்பத்தில் பிறந்து, கம்ப்யூட்டர் படித்து, அமெரிக்கா போய்ப் பொருளாதாரத்தில் டாக்டர் பட்டம் வாங்கியவர். இவரை லிபரல் என்றால் கோபித்துக்கொள்வார். இவர் சோஷலிஸ்ட், லிபரல் என்பது இவர் அகராதியில் வசைச்சொல். 2013இல் சியாட்டில் மாநகராட்சிக்குத் தேர்வானார். இவர் கொண்டு வந்த தீர்மானத்தால் 2023 பிப்ரவரி 21 அன்று, சாதிப் பாகுபாட்டைச் சட்டம் போட்டுத் தடுத்த முதல் அமெரிக்க நகரம் ஆனது சியாட்டில்.

பின்னணியில் ஒரு வழக்கு இருந்தது. 2020இல் கலிபோர்னியா அரசுத் துறை ஒன்று சிஸ்கோ நிறுவனத்தின் மீது, தலித் பொறியாளர் ஒருவரைச் சாதி பார்த்து ஒதுக்கினார்கள் என்று வழக்குப் போட்டது. நிறுவனம் மறுத்தது. மேலாளர்கள் இருவர் மீதான வழக்கை 2023இல் துறையே கைவிட்டது. ஆனால் பேச்சு கிளம்பிவிட்டது. சியாட்டிலைப் பார்த்துக் கலிபோர்னியா சட்டமன்றமும் ஒரு மசோதாவை நிறைவேற்றியது. எதிர்த்து ஊர்வலம் போனவர்கள் இந்திய வம்சாவளியினர், அவர்களில் ஜனநாயகக் கட்சி ஆதரவாளர்களும் உண்டு. எங்களைத் தனியாகக் குறிவைக்கிறார்கள், இருக்கிற சட்டமே போதும், அரசு இதில் தலையிடக்கூடாது என்றார்கள். 1964இல் கலிபோர்னியா வீட்டுக்காரர்கள் பேசியதும் ஏறத்தாழ இதே பேச்சுதான். 2023 அக்டோபர் 7 அன்று ஆளுநர் கேவின் நியூசம், அமெரிக்க லிபரல்களின் முன்னணித் தலைவர்களில் ஒருவர், இருக்கிற சட்டமே போதும் என்று மசோதாவைத் திருப்பி அனுப்பிவிட்டார்.

சியாமளா இதையெல்லாம் பார்க்கவில்லை. 2009 பிப்ரவரியில் இறந்துவிட்டார். கமலா சென்னைக்கு வந்து அஸ்தியைக் கடலில் கரைத்தார். 2024இல் அவர் ஜனாதிபதி வேட்பாளர் ஆனபோது துளசேந்திரபுரம் கோயிலில் பூஜை நடந்தது. அதே தேர்தலில் க்ஷமா சாவந்த் மிச்சிகன் மாநிலத்தில் பசுமைக் கட்சியின் ஜில் ஸ்டைனுக்கு ஓட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். காசாப் போருக்குத் துணை போன ஹாரிஸ் இங்கே தோற்க வேண்டும் என்று மேடையில் வெளிப்படையாகவே பேசினார். மிச்சிகனில் ஹாரிஸ் சுமார் 80 ஆயிரம் வாக்குகளில் தோற்றார். ஸ்டைன் வாங்கியது 45 ஆயிரத்தைத் தொடவில்லை. அத்தனையும் ஹாரிஸுக்கே விழுந்திருந்தாலும் கணக்கு உதைத்திருக்கும்.